ஒரு லிட்டர் பாட்டில்

ஒன்பதாவது வாரம்

பெட்ரோல் குழாயின் கழுத்தைக் குறடால் நெரித்துப் பிடித்திருந்தாள் வேம்பு. விரலிடுக்கில் ஜில்லென்று வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது.

"எட்டாம் நம்பர் போல்ட் ஒண்ணு குடுங்கப்பா. சீக்கிரம்! கொட்டுது."

காத்தவராயன் அசையவில்லை. டூல் பெட்டி அவர் காலடியிலேயே கிடந்தது.

"அப்பா!"

"வேணாம்மா. முசே கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுடறேன். இதோட உட்டுடு."

வேம்பு ஒரு கையால் குழாயைப் பிடித்தபடியே செருப்புக் காலை நீட்டி டூல் பெட்டியை இழுத்தாள். போல்ட்டைத் தானே பொறுக்கினாள். குழாயின் வாயில் வைத்துத் திருகினாள். ஒழுகல் நின்றது.

"செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்கறதுன்னா நான் ஊர்ல இல்லாத நாளா பாத்துக் கேளுங்க" என்றாள்.

ஷெட்டின் நடுவில் நின்றிருந்தது அந்த வண்டி. முட்டை மஞ்சள் நிறம். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் மார்சேயில் வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார். அந்த ஊர் வழக்கப்படி ஸ்டியரிங் இடது பக்கம். சொந்தக்காரர் கோவிந்தசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். முதலியார்பேட்டையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா.

முசே வீட்டுச் சந்தில் கார் நுழையாது. அதனால் வண்டி நிற்பது இங்கே, மில் சுவரை ஒட்டிய காத்தவராயனின் ஷெட்டில். சாவியும் காத்தவராயனிடம்தான். மில்லை மூடிய பிறகு அவர் போட்ட ஷெட் இது. மனை மட்டும் முசேவுடையது.

அந்த மனையும் அந்தச் சாவியும் சேர்ந்துதான் போன வாரம் காத்தவராயனின் கழுத்தில் கயிறாக விழுந்தன. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி ஐந்துக்கு இறங்கிவிட்டது. முசே ஷெட்டின் தகரக் கதவைக் கைத்தடியால் ஓங்கி அடித்துத் தெருவே கேட்கக் கத்தினார். "வொலேர்! திருடன்! என் டாங்க்ல டியூப் வுட்டு உறிஞ்சறான்!"

செவ்வாய்க்கிழமை வரைக்கும் கெடு. வண்டியில் கோளாறு இருந்தால் காட்டு. இல்லையென்றால் ஷெட்டைக் காலி பண்ணிவிட்டு ஸ்டேஷனுக்கு நட.

இன்று செவ்வாய்க்கிழமை.

இரு சக்கர வண்டி ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் சூப்பர்வைசர் வேம்பு. காலையிலேயே லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள். காத்தவராயனோ ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. திருடன் என்ற சொல்லைக் கேட்டு எரிமலையாக வெடிக்க வேண்டிய மனிதர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதுதான் வேம்புவுக்குப் புரியவில்லை. அதுதான் அவளை இன்னும் சீண்டியது.

ஒன்பதரை மணிக்கு முசே வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, தொப்பி, கைத்தடி. எதிர்க்கடை பாவாடை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்தார். மில்லில் காத்தவராயனோடு ஒரே ஷிப்டில் நின்றவர். ஊரில் எங்கே வாய்த்தகராறு நடந்தாலும் முதல் வரிசையில் நிற்பவர்.

"அலோர்! அப்போ, கண்டுபிடிச்சாச்சா?"

"கண்டுபிடிக்கப் போறோம் முசே. நீங்களும் நானும்."

வேம்பு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எல்லார் கண்ணெதிரிலும் அளவுக் குவளையால் பெட்ரோலை அளந்து ஊற்றினாள். பாட்டில் மூடியில் துளை போட்டுச் செருகிய மெல்லிய குழாய், பானெட்டுக்குள் நுழைந்து நேராகக் கார்புரேட்டரில் முடிந்தது.

"தண்ணி பாட்டிலை வெச்சி என் வண்டிக்கு வைத்தியமா?"

"கோரிமேட்டு ஆஸ்பத்திரியில குளுகோஸ் ஏத்தறாங்களே, அது மாதிரிதான். உங்க டாங்க்லேர்ந்து வர்ற குழாயை அடைச்சாச்சு. இனிமே வண்டி இந்த ஒரு லிட்டரைத்தான் குடிக்கணும். நீங்களே ஓட்டுங்க, நீங்களே மீட்டரைப் பாருங்க. அஞ்சு கிலோமீட்டர்ல நின்னுட்டா எஞ்சின் தின்னுது. கோளாறு கார்புரேட்டர்ல. பதினொண்ணு ஓடுச்சுன்னா..."

"ஓடுச்சுன்னா உங்கப்பன் தின்னுறான்" என்று முடித்தார் முசே.

வேம்பு பாட்டில் மூடியை இறுக்கினாள். ஸ்பார்க் பிளக்குகளை விடியற்காலையிலேயே கழற்றிப் பார்த்திருந்தாள். பெட்ரோலை அதிகமாகக் குடிக்கிற எஞ்சின் என்றால் பிளக்கின் நுனி கரி அப்பிக் கறுத்திருக்கும். நான்கும் காப்பித்தூள் நிறத்தில் அழகாக இருந்தன. கார்புரேட்டரில் சோக் முழுதாகத் திறந்தது. மிதவை சரியான மட்டத்தில் நின்றது. ஒரு மெக்கானிக் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய எஞ்சின். அவளோ அதில் ஒரு பழுதைத் தேடினாள்.

கடலூர் சாலையில் வண்டி பறந்தது. வலது இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை உயர்த்திப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள் வேம்பு. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்று. நான்கு. அரியாங்குப்பம் வந்தது. நின்னுடு, நின்னுடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். பிறந்ததிலிருந்து எந்த வண்டியையும் அவள் நிற்கச் சொல்லிக் கெஞ்சியதில்லை.

ஐந்து தாண்டியது. ஆறு. தவளக்குப்பத்துக் கடைகள் பின்னால் ஓடின. எட்டு. ஒன்பது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பாட்டிலில் பெட்ரோல் விரல் அகலத்துக்கு வந்து, கோடாக மெலிந்து, காணாமல் போனது. கிருமாம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

முசே மீட்டரைத் தட்டிக் காட்டினார். "பதினொண்ணு. மேல கொஞ்சம். என் வண்டி சிங்கம்மா, சிங்கம்! திருடன் உங்க ஊட்ல இருக்கான்."

வேம்பு இறங்கினாள். பாட்டிலைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, டாங்க் குழாயை மறுபடி மாட்டினாள்.

"இன்னும் முடியல முசே. டாங்க்கும் பம்ப்பும் பாக்கி."

"இன்னுமா?"

"சாயங்காலம் வரைக்கும் கெடு குடுத்தீங்க. இப்ப மணி பத்தரை."

ஷெட்டுக்குத் திரும்பியதும் வண்டிக்கடியில் படுத்தாள். டாங்க்கின் ஒட்டு, குழாயின் வளைவு, கிளிப்புகள் எல்லாவற்றையும் விரலால் தடவினாள். ஈரமில்லை. நேற்று சாயங்காலமே டாங்க்குக்கு அடியில் விரித்துவைத்த செய்தித்தாள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது.

மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை. பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் பெட்ரோல் சத்தமில்லாமல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். வெளியே சொட்டுக்கூடத் தெரியாது. ஆயில் அளக்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி இழுத்தாள்.

வெறும் ஆயில் வாடை. மட்டமும் ஏறவில்லை.

"பம்ப்பும் பத்தினியா?" என்று கேட்டுவிட்டுப் பாவாடை தானே சிரித்துக்கொண்டார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

காத்தவராயன் மெல்ல முன்னால் வந்தார். "முசே, நடந்தது நடந்துபோச்சி. ஷெட்டை நான் காலி..."

"நீங்க சும்மா இருங்கப்பா!"

வேம்புவின் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வண்டியையே வெறித்தாள். எங்கே தவறவிட்டாள்? எஞ்சின் நன்றாக இருக்கிறது. டாங்க் நன்றாக இருக்கிறது. அப்பா எடுக்கவில்லை. ஆனாலும் பெட்ரோல் போயிருக்கிறது.

மைலேஜ் என்பது பெட்ரோல் கணக்கு மட்டுமா? ஓடின தூரமும் அதில் இருக்கிறதே. இதுவரை எல்லாரும் பெட்ரோல் போன வழியைத்தான் துரத்தினோம். தூரத்தைச் சொன்னது யார்? மீட்டர். அந்த மீட்டரைச் சோதித்தது யார்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா" என்றார் காத்தவராயன் அவசரமாக. காலையிலிருந்து அவர் அவசரப்பட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

டார்ச் வெளிச்சத்தில் முப்பத்தைந்து வருடத்துத் தூசி தெரிந்தது. ஒயர்மேல் தூசி, தகட்டின்மேல் தூசி, சிலந்திக்கூடு. நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் புது வெள்ளிக்காசு போல மின்னியது. மீட்டருக்குப் பின்னால் போகும் கேபிளின் நட்டு. விரல் பட்டுப் பட்டுத் துடைபட்ட மினுமினுப்பு. தொட்டாள். கையாலேயே சுழன்றது.

வேம்பு வெளியே வந்தாள். முகத்தில் ஒட்டடை. கண்ணில் வேறு எதுவோ.

"முசே, உங்க பெட்ரோலை யாரும் திருடல. அது எரிஞ்சிருக்கு. இந்த வண்டி ஓடியிருக்கு."

"நான் ஓட்டாம எப்படி ஓடும்?"

"இந்த நட்டைக் கழட்டிட்டா வண்டி எவ்ளோ ஓடினாலும் மீட்டர் நகராது. திரும்பி வந்ததும் மாட்டிட்டாப் போச்சு. கடைசியா டாங்க்கை ரொப்பினது நாப்பது லிட்டர். நானூத்தி நாப்பது கிலோமீட்டர் ஓடியிருக்கணும். மீட்டர் எவ்ளோ சொல்லுச்சு?"

"எறநூத்திப் பத்து."

"மீதி எறநூத்தி முப்பது கிலோமீட்டர் யாரோ ஓட்டியிருக்காங்க. திருடனும் இல்ல, டியூபும் இல்ல. எங்கப்பாவைச் சொன்ன அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க!"

சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்த கூட்டம் வாயைப் பிளந்தது. வேம்பு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஜெயித்துவிட்டாள்.

மூன்று நொடிதான்.

"சாவி யார்கிட்ட இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார் முசே.

வேம்பு இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். நட்டைக் கழற்றத் தெரிந்தவர் யார்? சாவியை வைத்திருப்பவர் யார்? திருட்டிலிருந்து அப்பாவை இழுத்து வெளியே கொண்டுவந்து, அடுத்த குழிக்குள் அவளே தள்ளியிருந்தாள்.

பாவாடைக்கு நாக்கு நிற்கவில்லை. "அட, அதைச் சொல்றீங்களா? நான்தான் பார்த்தேனே! மத்தியானத்துல, கடையெல்லாம் மூடி ஊரே படுத்துக்கினு இருக்கும்போது, காத்தவராயன் இந்த வண்டியை ஓட்டிக்கினு போவான். கடலூர் பக்கமா. நாலஞ்சு தபா பார்த்தேன். முசேதான் அனுப்பறாருன்னு நெனச்சிக்கினேன்."

"பாவாடை!" என்று சீறினார் காத்தவராயன்.

"ஏண்டா, கண்ணால பார்த்ததைச் சொல்லக்கூடாதா?"

வேம்பு அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. இந்த மனிதருக்காகவா தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்?

"அப்பா... நீங்க ஓட்டினீங்களா?"

காத்தவராயன் குனிந்து டூல் பெட்டியை மூடினார்.

"சொல்லமாட்டான்!" முசே கைத்தடியை உயர்த்தினார். "சாட்சியே சொல்லியாச்சு. சாவியைக் குடுடா. வா ஸ்டேஷனுக்கு."

காத்தவராயன் இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். நீட்டவும் செய்தார். அந்தக் கையை நடுவிலேயே தட்டிவிட்டாள் வேம்பு. சாவி தரையில் விழுந்தது.

எதையோ அவள் பார்த்துவிட்டாள். காலையில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பாட்டிலைப் பிடித்தபடி தான் உட்கார்ந்திருந்த இருக்கையை.

"பாவாடை மாமா, எங்கப்பா எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?"

"எந்தப் பக்கமா? டிரைவரு உக்கார்ற பக்கம்."

"கையைக் காட்டிச் சொல்லுங்க."

பாவாடை வலது கையைத் தூக்கினார். "இந்தப் பக்கம். ரோட்டுப் பக்கமா. எல்லா வண்டியிலயும் டிரைவரு அங்கதான உக்காருவான்?"

"இந்த வண்டியில ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு?"

பாவாடை வண்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"இடது பக்கம்" என்றாள் வேம்பு. "எங்கப்பா சும்மா உக்காந்துக்கிட்டுப் போயிருக்காரு. ஓட்டினது வேற ஆளு. இடது பக்கம் இருந்தது யாரு மாமா?"

"அது... யாரோ பொம்பள. முக்காடு போட்டுக்கினு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு... சவாரி வர்றவங்கன்னு நெனச்சிக்கினேன்."

"பொம்பளையா!" என்று சிரித்தார் முசே. "பெட்ரோலும் என்னுது, ஜல்சாவும் என் வண்டியிலயா? எவடா அவ?"

"வேணாம் வேம்பு" என்றார் காத்தவராயன். "இதுக்கு மேல தோண்டாத. அப்பாவுக்காக."

"உங்களுக்காகத்தாம்ப்பா தோண்டறேன்."

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

இறங்கியவள் தையல்நாயகி, முசேவின் மனைவி, ஊருக்கு மதாம். ஐம்பத்தெட்டு வயது. நூல் புடவை, முக்காடு, கையில் வயர் கூடை. ஆட்டோவை அனுப்பிவிட்டு, பழகிய இடத்துக்கு வருகிறவள் போல விறுவிறுவென்று உள்ளே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்தின் நடுவில் புருஷனைப் பார்த்தாள். நின்றாள்.

"நாயகி! நீ எங்க இங்க?"

"நீங்க கான்சுலேட்டுக்குப் போறதாச் சொன்னீங்களே?"

பாவாடை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. "யம்மாடி" என்று முனகிவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

தையல்நாயகி திரும்பி ஓடியிருக்கலாம். கோயிலுக்குப் போகிற வழியில் நுழைந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

"என்ன கூட்டம் வேம்பு?"

"எங்கப்பா இந்த வண்டியில பெட்ரோல் திருடினாராம் மதாம். ஒரு வாரமா திருடன், திருடன்னு தெருவெல்லாம் கேக்குது. ஷெட்டைக் காலி பண்ணிட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாரு முசே."

தையல்நாயகி காத்தவராயனைப் பார்த்தாள். "ஒரு வாரமா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"யாருகிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினீங்களே மதாம்."

அவள் தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து தரையில் கிடந்த சாவியை எடுத்தாள். புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"ஓட்டினது நான்."

முசே சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நீயா? உனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

"ஒரு வருஷமா கத்துக்கிட்டேன். மத்தியானம் நீங்க தூங்கற நேரத்துல, மில்லு மைதானத்துல. காத்தவராயன்தான் சொல்லிக்குடுத்தாரு. லைசென்சும் எடுத்துட்டேன். வேணும்னா காட்டறேன்."

"எங்கிட்ட கேக்காம என் வண்டியையா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"கடலூருக்கு என்ன வேலை? பஸ்ஸா ஓடல ஊர்ல?"

"ஓடுது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடுது." தையல்நாயகியின் குரல் உயரவில்லை. ஆனால் ஷெட்டின் மூலை வரைக்கும் கேட்டது. "நம்ம பொண்ணு, கட்டினா பஸ் கண்டக்டரைத்தான் கட்டுவேன்னு சொன்ன அன்னிக்கு, இந்த வண்டியிலேர்ந்துதான அவளை நடுரோட்ல எறக்கிவுட்டீங்க? அவ ஊட்டு வாசல்ல போய் நின்னா இதே வண்டியிலதான் நிக்கணும்னு நான் மனசுல வெச்சிருந்தேன்."

மகள் சுடர்விழியின் பெயரை இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. வேம்பு அப்பாவின் பக்கத்தில் போய் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ செத்துட்டான்னு நான் சொல்லியாச்சு" என்றார் முசே. "செத்தவ ஊட்டுக்கு எத்தினி தடவை போவே?"

"அஞ்சு தடவை போயிட்டேன். இப்ப ஆறாவது. மொதல்ல இவருகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. இந்த ஊருக்கு முன்னாடி சொன்னதை இந்த ஊருக்கு முன்னாடியே திருப்பி எடுங்க."

"முடியாது. அலோர், மொதல்ல நீ பதில் சொல்லு. அந்தக் கூடையில என்னா?"

அவர் கையை நீட்டி வயர் கூடையைப் பிடித்து இழுத்தார். கூடை சரிந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று பிரிந்து விழுந்தது. வசம்பு. நல்லெண்ணெய் புட்டி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பருத்திச் சட்டை.

முசே அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கைத்தடி சுவரில் சாய்ந்தது. சாய்த்தது அவருக்கே தெரியவில்லை.

"பேத்தி பொறந்து நாப்பது நாள் ஆவுது" என்றாள் தையல்நாயகி. "பேர் வெச்சி பத்து நாள் ஆவுது."

"எனக்கு..." அவர் தொப்பியைக் கழற்றினார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லி வுடல அவ?"

தையல்நாயகி குனிந்து சட்டையை எடுத்துத் தூசியைத் தட்டினாள். வண்டியின் இடது கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். சாவியைச் செருகிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவைக் கூப்பிடும்மான்னு அவ மூணு நாள் அழுதா. கூப்பிட வேணாம்னு சொன்னது நான்."